அத்தையின் சாட்சி

செல்லத்தாய் அத்தை இறந்த பதினாறாம் நாள், அத்தையின் குரலையும் நினைவுகளையும் ஏற்றிய பெட்டியை அப்பா கூடத்தில் வைத்தார். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது என்று கம்பெனிக்காரர் சத்தியம் பண்ணியிருந்தார்.

மதுரையில் அத்தை வீட்டில் தங்கிப் பரீட்சைக்குப் படித்ததாகச் சொன்ன வருடம், நான் ஜெரால்டோடு பெங்களூரில் இருந்தேன். அத்தைக்கு மட்டும்தான் தெரியும்.

அத்தை உயிரோடிருந்தபோது கேட்கக் கூசியதை அப்பா இப்போது கேட்டேவிட்டார்.

"அக்கா, அந்த வருஷம் இவ உன்கூடத்தான் இருந்தாளா?"

பெட்டி அத்தையின் குரலில் அதட்டியது.

"பின்ன எங்கடா போனா? என்னைத் தூங்க விடாம லைட்டைப் போட்டுப் படிச்சா. போய்ச் சாப்பிடு."

அப்பா சிரித்துக்கொண்டே எழுந்து போனார். எனக்கு மூச்சு வந்தது.

பெட்டி குரலைத் தாழ்த்தியது. "ஏன்டீ, அந்த ஜெரால்டு நல்லாருக்கானா?"