நாற்பத்திரண்டாவது துப்பாக்கி

சுடுவதற்கு முந்தைய பத்து நொடிச் சத்தத்தைத் தனக்குள் பதிந்துகொள்ளும் அந்தப் போலீஸ் துப்பாக்கியை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. ஞானசிகாமணி பதினோரு வருடமாக அதைத்தான் தேடித் தேடி வாங்கினார். ஊர்வலத்தில் சுடப்பட்ட மகள் எழிலின் கடைசிக் குரல் அவற்றில் ஒன்றில் இருந்தது. அதன் எண் அவருக்கு மனப்பாடம். ஆனால் பிடியைக் கழற்றினால்தான் எண் தெரியும் என்பதால், கிடைத்ததையெல்லாம் வாங்கினார்.

நாற்பத்திரண்டாவதில் அந்த எண் இருந்தது. பதிந்த சத்தத்தை ஒலிக்கவைக்கும் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் கேட்கவில்லை.

“உள்ள இருந்த பழைய சத்தத்தையெல்லாம் அழிச்சிட்டேங்கய்யா,” என்றார் விற்க வந்த ஆரோக்கியம். “புதுசு மாதிரி இருக்கணும்னு விளம்பரத்துல நீங்கதானே போட்டிருந்தீங்க.”

உண்மைதான். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று, மற்ற சேகரிப்பாளர்களைப் போல அவரும் அப்படித்தான் எழுதியிருந்தார்.

“அழிக்கிறதுக்கு முன்னால கேட்டீங்களா? ஒரு பொண்ணு குரல்...”

“நான் எதையும் கேக்குறதில்லீங்க. கேட்டா தூக்கம் போயிரும்.”

ஆரோக்கியம் போனபின், ஞானசிகாமணி அலமாரியிலிருந்து ஏழாவது துப்பாக்கியை எடுத்தார். அதிலும் ஒரு பெண் இருந்தாள், யார் பெற்ற பிள்ளையோ. பொத்தானை அழுத்தினார்.

“அப்பா,” என்றது அந்தக் குரல்.

“இங்கதாம்மா இருக்கேன்,” என்றார்.