ஒருவரா, இருவரா

ஏழு ஆஸ்பத்திரிக் கிளைகளின் நோயாளிப் பட்டியல்களை ஒன்றாக்கிக்கொண்டிருந்தாள் அலர்மேலு. ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருப்பதாகச் சந்தேகம் வந்தால் மென்பொருள் ஜோடியாகக் காட்டும். 'ஒருவரே' என்று அழுத்தினால் ஒரு பதிவு மறைந்துவிடும். மதியம் அவளுடைய பதிவே வந்து நின்றது. பக்கத்தில் இன்னொரு அலர்மேலு. அதே அப்பா பெயர், அவசரத்துக்கு அழைக்க அப்பாவின் அதே செல்போன் எண். அம்மா பெயர் மட்டும் வேறு, வயது இரண்டு குறைவு. தலைப்பெண்ணுக்குத் தன் அம்மா பெயரைத்தான் வைக்க வேண்டும் என்பார் அப்பா. இரண்டு வீட்டிலும் வைத்திருக்கிறார். கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் ஒற்றைப் பிள்ளையாய் வளர்ந்தவளுக்கு நெஞ்சு துள்ளியது. "என்னடி, தானா சிரிக்கிற?" என்றாள் பக்கத்து சீட் ரெஜினா. அலர்மேலு 'வேறுவேறு' என்பதை அழுத்தினாள். மென்பொருள் காரணம் கேட்டது. தட்டினாள்: 'நான் அக்கா.'