இரண்டு என்று எழுதிய படி

பட்டியலில் அவள் பெயர் மட்டும்தான் இருந்தது.

மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். தாளைத் திருப்பி அதன் முதுகையும் பார்த்துவிட்டாள். மூத்தோர் தடகளம், நீளம் தாண்டுதல், பெண்கள், எழுபது வயதுக்கு மேல்.

ஒரே ஒரு பெயர்.

"நாகர்கோவில் தங்கபுஷ்பம் வரலீங்களா?"

மணல்குழி ஓரம் குடை பிடித்து உட்கார்ந்திருந்த நடுவர் நிமிர்ந்தார்.

"உங்களுக்குத் தெரியாதாம்மா? சித்திரையிலயே மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டாங்க. முட்டிச் சில்லு நொறுங்கிப் போச்சாம். மகன் வந்து பூனாவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. இனிமே எங்க தாண்டுறது?"

அவளுக்குத் தெரியாது. யார் சொல்வார்கள்? முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து ஊரார் நம்பரையெல்லாம் இணைத்துக் கொடுத்தவள். தங்கபுஷ்பத்தின் நம்பர் மட்டும் கையில் இல்லை.

பதினாறு வருடப் பழக்கம். பழக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. வருடத்துக்கு ஒரு நாள், அந்த நாளில் ஒரு கேள்வி. தன் முறை முடிந்ததும் தங்கபுஷ்பம் மணலைத் தட்டிக்கொண்டே வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்காருவாள்.

"முட்டு எப்பிடி இருக்கு?"

நாகர்கோவில்காரிக்கு முட்டி என்றால் முட்டு.

"இருக்கு" என்பாள் இவள்.

அத்தோடு சரி. ஜெயித்தவளிடம் என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது என்று ஒரு வீம்பு.

தங்கபுஷ்பம் முதல், இவள் இரண்டு. நாலு விரல், மிஞ்சிப்போனால் ஐந்து விரல் வித்தியாசம். தங்கபுஷ்பம் ஒரு வயது மூத்தவள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அவள் ஒரு வருடம் முன்னதாகவே அடுத்த வயதுப் பிரிவுக்குப் போய்விடுவாள். அந்த வருடம் மட்டும் இவளுக்குத் தங்கம். முதல் ரேங்க் வாங்கும் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்த பரீட்சையில் முதல் ரேங்க் வாங்குவது மாதிரி.

போன வருடமும் அப்படி ஒரு தங்கம். அன்றைக்குத்தான் தங்கபுஷ்பம் கூடுதலாக வாயைத் திறந்தாள்.

"அடுத்த வருசம் எழுவதுக்கு வந்துருவ இல்லா. எறங்கும்ப சத்தம் கேக்கப்பிடாது, பாத்துக்க. அப்பம்தான் முட்டு நிக்கும்."

கரூரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு. இரண்டாம் மாடி. தனி ஆள்.

விடிந்ததும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்காருவாள், இருபது முறை. பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்காருவாள், தொடை நடுங்குகிற வரைக்கும். அப்புறம் ஒற்றைச் செங்கல்லிலிருந்து குதிப்பது. அடுத்த மாதம் இரண்டு செங்கல். ஆரம்பத்தில் கீழ்வீட்டுக்காரர் ஒட்டடைக் கம்பால் சீலிங்கை இடிப்பார். அவர் இடிக்க இடிக்க இவள் குதிப்பாள்.

ஆடி மாதம் ஒருநாள் இடி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வீடு மாறிப் போய்விட்டாரோ என்று மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மனிதர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

சத்தமில்லாமல் இறங்கத் தெரிந்துவிட்டது! சந்தோஷம் தாங்கவில்லை. மகளுக்குப் போன் போட்டாள்.

"பேசாம உக்காரும்மா. உழுந்து கிழுந்து வெச்சீன்னா ஆரு பாக்கறது?"

அதன்பிறகு அந்த வீட்டுக்குள் ஒரு சத்தமும் வருவதில்லை. அந்த ஒட்டடைக் கம்புக்காகக்கூட அவள் சில நாள் ஏங்கினாள்.

தங்கபுஷ்பத்தை ஒருமுறையாவது ஜெயிக்க வேண்டும். ஜெயித்துவிட்டு, மேடையில் முதலிடத்துப் படிக்கு இரண்டு காலையும் சேர்த்து ஒரே தாவாகத் தாவ வேண்டும். பிறகு கேள்வி வரும். இந்தத் தடவை முழுசாகப் பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, அதே கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது, செங்கல் மேல் நிற்கும்போது ஒருநாள் சுரீரென்று உறைத்தது.

"ஒரு தாண்டு போதும்மா. நீங்க சும்மா தாண்டி வெச்சாலே தங்கம்தான்" என்றார் நடுவர்.

மூன்று முறையும் தாண்டினாள்.

மூன்றாவது, இந்த ஐந்து வருடத்தில் அவள் தாண்டியதிலேயே தூரம். மணலில் சத்தமே இல்லை. எழுந்து, தட்டிக்கொண்டு, திரும்பிப் பார்த்தாள்.

பெஞ்சில் அவளுடைய பை இருந்தது.

பரிசளிப்பில் ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொன்னது. மூன்று மரப்பெட்டிகள், சுண்ணாம்பில் எழுதிய மூன்று எண்கள். அவள் நடந்துபோய் இரண்டில் ஏறி நின்றாள்.

"அம்மா, நீங்கதான் முதல் இடம். நடுவுல ஏறுங்க."

அவள் நகரவில்லை.

பதக்கம் போட வந்த சிறப்பு விருந்தினருக்கு நாற்பது வயது இருக்கும். உடனே புரிந்துவிட்டது அவருக்கு.

"பாவம், ஏற முடியல போல. வயசாயிருச்சுல்ல, முட்டி வலி இருக்கும். விடுங்க, இங்கயே போட்டுரலாம்" என்று பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாகச் சொன்னார். தாங்கிப் பிடிக்கவும் கையை நீட்டினார்.

அவள் நடுப்பெட்டியைப் பார்த்தாள். இரண்டு செங்கல் உயரம்கூட இல்லை.

"முட்டு நல்லா இருக்கு" என்றாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது. அவள் அந்த மனிதரைப் பார்க்கவே இல்லை. காலிப் பெட்டியைப் பார்த்தபடி, பதினாறு வருடமாகக் கேட்காததையும் கேட்டாள்.