நாற்பது சதவீதம்

“அண்ணே, உள்ள போனா நீ வாயே தொறக்கப்படாது. எது கேட்டாலும் நான் சொல்லிக்கிடுதேன்.”

நாச்சியார் இதைச் சொல்வது காலையிலிருந்து நான்காவது தடவை. பேச்சிமுத்து தலையை ஆட்டினான். ஆட்டுவதற்கென்ன, நன்றாகவே ஆட்டுவான். வாய்தான் நிற்காது.

“சாருக்கு ஒரு வணக்கம் மட்டும்...”

“அதுவும் வேண்டாம்.”

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அம்பாசமுத்திரத்தில், ஊனமுற்றோர் உதவித்தொகையைச் சரிபார்க்க வந்த அதிகாரி, ஒரு மரியாதைக்கு, “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டுவைத்தார். “ஒங்க புண்ணியத்துல ஒரு கொறையும் இல்ல சார்” என்றான் இவன். அவரும் குறை இல்லை என்றே எழுதிக்கொண்டு போய்விட்டார். அதைத் திருத்த நாலு மாதம் ஆயிற்று. அந்த நாலு மாதமும் மணியார்டர் வரவில்லை.

மதினி இறந்த பிறகு, உலை வைக்கக்கூடத் தெரியாத அண்ணனை நாச்சியார் திருவனந்தபுரத்துக்குத் தன்னோடு கூட்டி வந்துவிட்டாள். ஆள் ஊரில் இல்லை என்று தெரிந்ததும் அங்கே பணத்தை நிறுத்தினார்கள். கேரளப் பென்ஷன் வேண்டுமென்றால் இங்கத்து டாக்டர் புதிதாகப் பார்த்து நாற்பது சதவீதமாவது போட வேண்டுமாம். ஊர் அட்டையில் அவன் கோணல் காலுக்கு நாற்பத்தைந்து இருந்தது. அது இங்கே செல்லாது. எல்லை தாண்டினால் கால் நேராகிவிடுமா என்று அவள் ஆபீசில் கேட்டே விட்டாள்.

முப்பத்தொன்பது என்று எழுதிவிட்டால் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. மாதா மாதம் ஊருக்குப் போய் மணியார்டர் வாங்கி வந்த வரை அண்ணன் அந்த வீட்டில் விருந்தாளி. அது நின்ற மூன்று மாதமாக, அவள் புருஷன் தாசையன் சோற்றுப் பானையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறான். அவனையும் குற்றம் சொல்ல முடியாது. கட்டட வேலை, மழை பெய்தால் கூலி இல்லை. இன்றைக்குக் காரியம் நடக்கவில்லை என்றால் அண்ணனை ஊருக்கு பஸ் ஏற்றிவிடு என்று சொல்லியிருந்தான். ஊரில் அண்ணனுக்கு யார் இருக்கிறார்கள்?

சதவீதம் போடும் மருத்துவ முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. வரிசை வாசல் கேட் வரை நின்றது. நாச்சியாருக்கு மலையாளம் அரைகுறைதான். அவள் பாத்திரம் கழுவும் பழவங்காடி ஹோட்டலில் முதலாளி முதல் மாவாட்டுகிறவர் வரை எல்லோரும் நாங்குநேரிக்காரர்கள். வந்து ஒரு வருஷமாகியும் மலையாளம் படிய வழியில்லாமல் போயிற்று.

டாக்டர் காலை மடக்கினார், நீட்டினார், டேப் வைத்து அளந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பேச்சிமுத்துவிடம், “பேரெந்தா?” என்றார்.

அவன் தங்கையைப் பார்த்தான்.

“பேச்சிமுத்து சார்,” என்றாள் அவள்.

“வீடு எவிடே?”

மறுபடியும் தங்கையைப் பார்த்தான். துடித்த உதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டான்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நாச்சியார் பக்கம் திரும்பினார். “சம்சாரம் இல்லே?”

குடும்ப விவரம் கேட்பார்கள் என்று அவள் எதிர்பார்த்ததுதான். “இல்ல சார். போயிட்டா.”

“எப்பழா?”

“போன ஐப்பசில சார்.”

“எங்ஙனெ?”

“காய்ச்சல் சார். மூணே நாள். மூளைக்கு ஏறிட்டுன்னு பாளையங்கோட்டைல சொன்னாங்க.”

டாக்டர் ‘ச்சு’ கொட்டினார். “சிகித்ஸ ஒந்நும் செய்தில்லே?”

“எல்லா வைத்தியமும் பாத்தோம் சார். திரும்பி வரல.”

பேச்சிமுத்துவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. உதடு நடுங்கியது, கண்ணீர் வழிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. டாக்டர் அவன் தோளைத் தட்டி, வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தார். கால் காட்ட வந்தவனின் தொண்டையை எதற்குப் பார்க்கிறார் என்று கேட்க நினைத்தாள் நாச்சியார். படித்தவர்கள் காரியம் என்று விட்டுவிட்டாள்.

வராந்தா பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். “பேப்பர் கைக்கு வர வரைக்கும் மூச்சு விடாத,” என்று ஐந்தாவது தடவையாகச் சொன்னாள்.

அட்டெண்டர் ராஜையன் சர்டிபிகேட்டோடு வெளியே வந்தார். பாறசாலைக்காரர், தமிழ் தெரிந்தவர். “அக்கா, எல்லாம் செரியாயி. பென்ஷன் கிட்டும்.”

“எத்தன போட்டிருக்கு சார்?”

“காலுக்கு முப்பத்தஞ்சு.”

நாச்சியார் விரல் விட்டு எண்ணினாள். “அஞ்சு கொறையுதே சார். பொறவு எப்படிக் கிட்டும்?”

“அது கெடக்கட்டும். சம்சாரத்துக்கு நூறு போட்டிருக்காரே.”

“பொண்டாட்டி செத்ததுக்கும் சதவீதம் உண்டா சார்?”

ராஜையன் அவளையும் பேச்சிமுத்துவையும் மாறி மாறிப் பார்த்தார். “மலையாளத்துல சம்சாரம்னா பேச்சுன்னு அர்த்தம் அக்கா. காய்ச்சல்ல அண்ணாச்சிக்குப் பேச்சு போயிட்டுன்னாக்கும் எழுதியிருக்கு. ஏன், அண்ணாச்சி பேசுவாரா?”

காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வர, பேச்சிமுத்து வாயைத் திறந்தான்.

நாச்சியார் பேப்பரை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, அண்ணன் கையைப் பிடித்து எழுப்பினாள். அவள் கண் நிறைந்திருந்தது.

“போன பொறவும் மதினிதான் ஒனக்குச் சோறு போடுதா. பேசாம வா.”