நடந்த பிறகு வா

வேர்த்து ஒழுக ஸ்டேஷன் வாசலில் வந்து நின்ற ஊர்க் காவல்காரரைப் பார்த்ததும், டீ கிளாஸைக் கீழே வைக்காமலேயே ஏட்டு கேட்டார். "என்னய்யா, இந்த வாட்டியும் ஆறிப்போன பொணமா?"

போன கோடையில் கிணற்றில் மிதந்தவனைப் பற்றித் தாமதமாக வந்து சொன்னதற்கு வாங்கிய அறை, காவல்காரரின் காதுக்குள் இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து குற்றம் என்று தெரிந்தால் செருப்பைத் தேடக்கூட அவர் நிற்பதில்லை.

"இல்லீங்க ஏட்டையா, சுடச்சுட வந்திருக்கேன். ஊருல ஒரு கொலைங்க."

ஏட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்போ?"

"இனிமேதாங்க. பொழுது சாயறதுக்குள்ள."

பெஞ்சில் இருந்த போலீஸ்காரருக்குச் சிரிப்பில் புரையேறியது. "ஜோசியம் பார்க்க எப்போ ஆரம்பிச்சீங்க பெரியவரே?"

காவல்காரர் சிரிக்கவில்லை. முதலில் சங்கதி, அப்புறம் செய்தவன், மற்றதெல்லாம் கேட்டால் மட்டும். சொந்தக் கதையை நடுவில் நுழைக்கக் கூடாது. ஏட்டு திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்த முறை அது. அந்த முறை பிசகாமல் சொன்னார்.

"மாடு திருடி உள்ள போனாங்களே அண்ணன் தம்பி, காலையில ஜாமீன்ல வந்துட்டாங்க. களத்துல உக்காந்து அரிவாள் தீட்டறாங்க. பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிடணும்னு பேசிக்கிட்டதை என் காதால கேட்டேன். ரெண்டு போலீஸ் வந்து நின்னாப் போதும், ஓடிடுவானுங்க."

"அறுப்புக் காலத்துல அரிவாள் தீட்டறது ஒரு குத்தமாய்யா? அன்னிக்கு நீ ஓடிவந்து சொன்னே, கையும் களவுமாப் பிடிச்சோம். ஏன்? மாடு நெஜமாவே காணாமப் போயிருந்துச்சு."

"ஒரு உசுரு போயிடுமுங்க ஐயா."

"போனதும் வா. ரத்தம் காயறதுக்குள்ள நீயே நேர்ல வந்து சொல்லணும். அது உன் கடமை. கொஞ்சம் லேட்டானாலும் உன் வேலை போயிடும், ஆமா."

காவல்காரர் கும்பிட்டுவிட்டு வாசற்படி வரை போனார். இறங்காமல் திரும்பினார்.

"அது மட்டும் என்னால முடியாதுங்களே."

"ஏன்யா? கால்ல என்ன கேடு?"

"வெட்டப்போறதே என்னைத்தாங்க."