முரட்டுக் கிருமி

எண்பத்தாறாவது தூளுக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்துக் கிருமி அக்கா "வேலை செய்யலை" என்று எழுதி அனுப்பியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று வருஷமாக உயிரைக் கொடுத்துச் செய்கிறேன். கரி அணுக்களை வளையமாகக் கட்டி, அந்த வளையத்தில் ஒரு நைட்ரஜனையோ கந்தகத்தையோ கோத்து, புதுசு புதுசாக மருந்துத் தூள். அக்கா அதைக் கிருமி வளர்த்த தட்டில் வைத்துப் பார்ப்பார். கிருமி செத்தால் சுற்றிலும் வெறும் வட்டம் தெரியும். எனக்கு இதுவரை கடுகளவு வட்டம்கூட வாய்க்கவில்லை.

மற்ற ஆய்வுக்கூடங்களில் சாதுவான கிருமியை வைத்துச் சோதித்து, ஆளுக்கு நாலு கட்டுரை போட்டுவிட்டார்கள். அக்கா மட்டும் எந்த மருந்துக்கும் அடங்காத ஒரு முரட்டுக் கிருமியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து, பிள்ளையைப் போல வளர்த்துக்கொண்டிருக்கிறார். இந்த மாதத்துக்குள் ஒரு வட்டமாவது வராவிட்டால் ஆராய்ச்சியையே மூடிவிடுவதாகப் பேராசிரியர் சொல்லிவிட்டார்.

நேரே போய்க் கேட்டுவிட்டேன்.

"கிருமியை மாத்துங்கக்கா. மூடினா என் படிப்புதான் போகும். உங்களுக்கு என்ன போச்சு?"

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சாதுவைக் கொல்லக் கடையிலேயே மருந்து இருக்கே. அடுத்ததைக் கொண்டா."

கல்நெஞ்சக்காரி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே எண்பத்தேழைக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டார். மங்கலான தட்டில், தூள் இருந்த இடத்தைச் சுற்றி, துடைத்துவிட்ட மாதிரி பளிச்சென்று ஒரு வட்டம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. போன மாதம்வரை உலகத்திலேயே இல்லாத ஒரு பொருள், எதற்கும் அடங்காததை அடக்கியிருக்கிறது!

நான் குதித்தேன். அக்கா குதிக்கவில்லை. தூளைக் கரைத்த திரவமே கொன்றிருக்கலாம் என்று அதைத் தனியாக வைத்துப் பார்த்தார். மூன்று முறை திரும்பச் செய்தார். அந்த நாலு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கொன்றது தூள்தான் என்று உறுதியானது.

இது மருந்தாகக் கடைக்கு வர இன்னும் பல வருஷம் ஆகும், ஆகாமலும் போகலாம் என்று சொல்லிவிட்டு, யாருக்கோ போன் செய்தார்.

சாயங்காலம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, ஊன்றுகோல்களோடு ஒருவர் வந்து நின்றார். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. அக்காவின் வீட்டுக்காரராம்.

அக்கா மூடிய தட்டைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார்.

"உங்க காலைத் தின்னது இதுதாங்க. செத்துக் கிடக்கு, பாருங்க."