மாடிக்குத் தனி லைன்

"அந்தக் கம்பியை இதோட சேர்த்து முறுக்கி விட்டா லைட் எரியாதா தம்பி? நேரமாகுதே!"

மாடிப்படி முனையில் நின்று அவசரப்படுத்தினாள் அந்த வீட்டு அம்மா.

"எரியும்மா. லைட்டும் எரியும், அப்புறம் நம்ம வயிறும் எரியும்," என்றான் எலக்ட்ரீஷியன். சட்டைப் பையில் எந்நேரமும் டெஸ்டர் குத்தியிருப்பதால் தெருவில் அவனுக்கு டெஸ்டர் என்றே பெயர்.

மாடி அறைகளுக்குக் கரன்ட்டைப் பிரித்துக் கொடுக்கத் தனியாக ஒரு டிபி பாக்ஸ். யாரோ பாதியில் விட்டுப்போன வேலை. பெட்டியைத் திறந்தவன் தலையில் அடித்துக்கொண்டான். நியூட்ரல் கம்பியும் எர்த் கம்பியும் ஒரே பித்தளைப் பட்டையில் கிடந்தன.

"இதுங்க ரெண்டும் மெயின் பக்கத்துல ஒரே இடத்துலதான் சேரணும்மா. இங்க மறுபடி சேர்த்து வெச்சா, நியூட்ரல் எங்கயாவது விட்டுப்போற அன்னிக்கு ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டாலே தூக்கி அடிக்கும்."

கீழே போய் மெயினை அணைத்தான். யாரும் தெரியாமல் போட்டுவிடக் கூடாதென்று ஒரு சின்னப் பூட்டும் மாட்டினான். மேலே வந்து, பையிலிருந்த டெஸ்டரை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரும் வைத்து, கரன்ட் இல்லை என்று பார்த்த பிறகுதான் கை வைத்தான்.

கையெல்லாம் பெயின்ட்டோடு மருமகள் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, ஷாக் அடிச்சா தானா விழுமே, அந்த டிரிப்பரையும் போட்டுடுங்க. கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் சுவிட்ச் வேணும்." பின்னாலேயே அவள் கணவன் புதுக் கட்டிலின் சட்டங்களைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டான். இருவரும் சிரித்துப் பேசியபடி இறங்கிப் போனார்கள்.

டெஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. அவன் வீட்டிலும் இப்படித்தான் ஒரு பெட்டி வந்தது. அண்ணனுக்கு மாடி, தனக்குக் கீழே என்று தன் கையாலேயே லைனைப் பிரித்தான். அதற்குப் பிறகு அண்ணன் படியிறங்கி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. ஒண்ணா இருக்கற வீட்டை ஏன் பிரிக்கறீங்க? கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகக் கூடாதா?"

அவள் முந்தானை நுனியைத் திருகினாள். "எல்லாம் மருமக பிடிவாதம்பா. நான் எவ்வளவோ வேண்டாம்னு சொன்னேன். யார் கேட்டா?"

"உங்க பையன் ஒண்ணும் சொல்லலையா?"

"அவன் அவளுக்கு மேல ஒத்தக் கால்ல நிக்கறான்."

"இனிமே நீங்க தனியா எப்படிம்மா..."

"தனியா இருந்தது போதும்னுதான்..." என்று ஏதோ சொல்ல வந்தவள், மென்று விழுங்கினாள். கண் கலங்கியிருந்தது.

டெஸ்டர் பெட்டிப் பக்கம் திரும்பினான். மனுஷங்களைத்தான் சேர்த்துவைக்க முடியவில்லை, கம்பிகளையாவது ஒழுங்காகப் பிரித்துவைப்போம் என்று நியூட்ரலுக்கு ஒரு பட்டை, எர்த்துக்கு ஒரு பட்டை என மாற்றினான். ஒவ்வொரு திருகையும் மறுபடி முறுக்கிப் பார்த்தான்.

மெயினைப் போட்டதும் மாடி பளிச்சென்றது. டிரிப்பரின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினான். டக்கென்று விழுந்தது.

கீழே மெயின் போர்டில் சீட்டு ஒட்டும்போது கேட்டான்: "மாடி லைனுக்கு என்ன எழுத? 'மகன், மருமகள்'னு போடவா?"

மருமகள் சிரித்தாள். "நாங்க கீழயேதான் இருக்கோம் அண்ணே. அத்தைதான் மாடிக்குப் போறாங்க."

டெஸ்டருக்குச் சுருக்கென்றது. "பெத்தவளை மாடியேத்தி ஒதுக்கி வைக்கறீங்களா?"

அந்த அம்மா முகத்தை மூடிக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள்.

"ஐயோ, ஒதுக்கறதா! 'புதுப் பொண்ணு, மாப்பிள்ளை'ன்னு எழுதுங்க அண்ணே. இத்தனை வருஷம் ஒத்தையா இருந்தவங்களுக்கு நானும் இவரும்தான் மாப்பிள்ளை பார்த்தோம். வர்ற ஞாயித்துக்கிழமை எங்க அத்தைக்குக் கல்யாணம்!"